ஸ்பிரிங்க்ளருக்குத் தண்ணீர்: எவ்வளவு, எந்த அழுத்தத்தில், எவ்வளவு நேரம்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு) வேலை என்றால் பலருக்கும் கூரையில் தெரிகிற ஹெட், அதாவது தண்ணீர் தெளிக்கும் முனை, அதுதான் கண்முன் வரும். எந்த மாடல், எந்த நிறம், ஃபால்ஸ் சீலிங்கோடு பொருந்துமா என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்வி கடைசிக் கூட்டத்தில் வரும், "அதான் டேங்க் இருக்கே" என்ற ஒரே வரியில் முடிந்தும் போகும். இந்தப் பக்கம் அந்த ஒரு வரியைப் பற்றியது. எண்கள் பெரும்பாலும் என்.எஃப்.பி.ஏ. 13 என்ற அமெரிக்க ஸ்பிரிங்க்ளர் தரவிதியில் உள்ளவை. ஐரோப்பிய விதியான இ.என். 12845 வருகிற இடங்களில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கட்டடத்துக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் ஊர்த் தீயணைப்பு அதிகாரியும் காப்பீட்டு நிறுவனமும்தான் முடிவு செய்வார்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

தண்ணீரிலிருந்து. குழாய் வரைபடம் போடுவதற்கு முன்னால் மூன்று எண்கள் கையில் இருக்க வேண்டும்: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், அது எத்தனை பார் (அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில், எத்தனை நிமிடம். மூன்றும் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும் என்பதுதான் பலர் கோட்டை விடுகிற இடம். "எங்களிடம் 5 பார் அழுத்தம் இருக்கிறது" என்பார்கள். அது குழாயை மூடி வைத்திருக்கும்போது கேஜ் (அழுத்தமானி) காட்டுகிற எண். தண்ணீர் ஓட ஆரம்பித்தால் அதே கேஜ் 2 பாருக்கு இறங்கலாம். இன்னொருவர் "இரண்டு லட்சம் லிட்டர் டேங்க் இருக்கிறது" என்பார். சரி, அதை மேலே தள்ளப் பம்ப் எங்கே?

தீப்பிடித்தால் எல்லா ஹெட்டும் ஒரே நேரத்தில் பீச்சாதா? அப்போது எந்த டேங்க் போதும்?

சினிமாவில்தான் அப்படி. சாதாரண ஸ்பிரிங்க்ளரில் ஒவ்வொரு ஹெட்டும் தனித்தனியாக வெப்பத்துக்குத் திறக்கும். வழக்கமாகப் பார்க்கும் சிவப்புக் கண்ணாடிக் குமிழ் 68 டிகிரி செல்சியஸில் உடையும், அந்த வெப்பம் எட்டாத ஹெட் மூடியேதான் இருக்கும். புகைக்கோ அபாய மணிக்கோ அது திறக்காது. எல்லாம் ஒன்றாகத் திறக்கிற டெல்யூஜ் என்ற வகை வேறு, அது மின்மாற்றி, எண்ணெய்த் தொட்டி போன்ற இடங்களுக்கானது.

அதனால் கட்டடம் முழுவதற்கும் கணக்குப் போடுவதில்லை. தண்ணீர் போய்ச் சேர மிகக் கடினமான மூலை ஒன்றைப் பிடித்து, அங்கே குறிப்பிட்ட பரப்பில் உள்ள ஹெட்கள் எல்லாம் திறந்துவிட்டதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறோம். அந்தப் பரப்புக்குப் பெயர் வடிவமைப்புப் பரப்பு. கடினமான மூலை என்பது டேப் பிடித்து அளந்தால் தூரமான மூலையாகத்தான் இருக்கும் என்றில்லை. கிட்டத்தில் இருந்தாலும் குறுகலான குழாய், நிறைய வளைவு, உயரமான தளம் என்றால் அதுவே கடினமான இடம் ஆகிவிடும். சந்தேகம் இருந்தால் இரண்டு மூன்று இடங்களுக்கும் போட்டுப் பாருங்கள், மென்பொருளில் அது சில நிமிட வேலை.

ஆபத்து வகை என்கிறார்களே, அது என்ன?

உள்ளே எரியக்கூடியது என்ன, எவ்வளவு, எவ்வளவு உயரத்துக்கு அடுக்கியிருக்கிறது என்பதை வைத்துப் பிரிப்பது. அலுவலகம், மருத்துவமனை, வழிபாட்டிடம், உணவகத்தில் சாப்பிடும் கூடம் எல்லாம் குறைந்த ஆபத்து. சலவைக்கூடம், உணவகச் சமையலறை போன்றவை சாதாரண ஆபத்து முதல் பிரிவு. கடைகள், மரவேலைக்கூடம், 2022 பதிப்பிலிருந்து வாகன நிறுத்தம் எல்லாம் இரண்டாம் பிரிவு. எளிதில் தீப்பற்றும் திரவம் புழங்கும் தொழிற்கூடங்கள் அதிக ஆபத்து.

தண்ணீர் எவ்வளவு அடர்த்தியாக விழ வேண்டும், எவ்வளவு பரப்பில் என்பதற்கு என்.எஃப்.பி.ஏ. 13-இன் பழகிப்போன எண்கள்: குறைந்த ஆபத்துக்கு நிமிடத்துக்கு 4.1 மில்லிமீட்டர், சாதாரண ஆபத்தின் இரண்டு பிரிவுகளுக்கும் முறையே 6.1, 8.1, மூன்றுக்குமே பரப்பு 139 சதுர மீட்டர். அதிக ஆபத்து முதல் பிரிவுக்கு 12.2 மில்லிமீட்டர், 232 சதுர மீட்டர். இ.என். 12845 வேறு மாதிரி போகும்: குறைந்த ஆபத்துக்கு 2.25 மில்லிமீட்டர், 84 சதுர மீட்டர். சாதாரண ஆபத்தில் எல்லாப் பிரிவுக்கும் 5 மில்லிமீட்டர்தான், பரப்பு மட்டும் 72, 144, 216, 360 என்று ஏறிக்கொண்டே போகும். ஒன்றில் அடர்த்தி, மற்றொன்றில் பரப்பு, இப்படிப் பாதியைக் கலந்து கணக்குப் போடாதீர்கள். அடர்த்தி, பரப்பு, நேரம் மூன்றும் ஒரு விதிக்குள் சேர்ந்தே பொருள்படும்.

"நிமிடத்துக்கு மில்லிமீட்டர்" என்றால்? மழையா?

ஆமாம், மழைக்கணக்கேதான். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது 1 லிட்டர். எனவே அடர்த்தியைப் பரப்பால் பெருக்கினால் நேராக லிட்டர் கிடைத்துவிடும்.

சரி, ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா?

ஒரு கடை வளாகம், சாதாரண ஆபத்து இரண்டாம் பிரிவு என்று வைத்துக்கொள்வோம். 8.1 × 139 = நிமிடத்துக்கு 1,126 லிட்டர். இது குறைந்தபட்சம். உண்மையில் கடைசி ஹெட்டுக்கு வேண்டிய அழுத்தம் கிடைக்கும்போது, அதற்கு முன்னால் இருக்கும் ஹெட்களில் அழுத்தம் கூடுதலாக இருக்கும், அவை தேவைக்கு மேலேயே கொட்டும். அதனால் முழுக் கணக்குப் போட்டால் 10 முதல் 20 விழுக்காடு ஏறும். 1,300 லிட்டர் என்று எடுத்துக்கொள்வோம்.

இதோடு தீயணைப்பு வீரர்களின் ஹோஸுக்கான தண்ணீரும் சேரும். சாதாரண ஆபத்துக்கு நிமிடத்துக்கு 950 லிட்டர் (குறைந்த ஆபத்துக்கு 380, அதிக ஆபத்துக்கு 1,900). கூட்டினால் 2,250. நேரம் 60 முதல் 90 நிமிடம். தண்ணீர் ஓடினால் அடிக்கும் அலாரம், எப்போதும் ஆள் இருக்கும் கண்காணிப்பு நிலையத்தோடு இணைந்திருந்தால் 60 நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் 90. முதல் கணக்கில் 1,35,000 லிட்டர், இரண்டாவதில் 2,02,500 லிட்டர். ஒரு அலாரம் இணைப்புக்காக டேங்க் இவ்வளவு மாறுகிறது என்பதைக் கட்டட உரிமையாளரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு சொல்லிப் பயனில்லை.

ஹெட்டுக்கு எத்தனை பார் வேண்டும்?

இங்கே சற்று நிதானமாகப் போவோம், ஏனென்றால் பணம் மிச்சமாவதும் வீணாவதும் இங்கேதான்.

ஹெட்டின் துளையிலிருந்து வரும் தண்ணீரைச் சொல்ல கே எண் என்று ஒன்று உண்டு. அழுத்தத்தின் வர்க்கமூலத்தைக் கே எண்ணால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். பொதுவாகக் கிடைப்பது கே 80. அடுத்து கே 115. குறைந்தபட்சம் 0.5 பார் எந்த ஹெட்டிலும் இருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் அது கீழ் எல்லைதான்; அடர்த்தி கேட்பதைப் பொறுத்து அதற்கு மேலே போகும்.

நம் கடை வளாகத்தில் ஒரு ஹெட் 12 சதுர மீட்டரைக் காக்கிறது என்றால், 8.1 × 12 = 97 லிட்டர் அதிலிருந்து வர வேண்டும். கே 80 போட்டால் 97-ஐ 80-ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள்: ஏறக்குறைய 1.48 பார். கே 115 போட்டால்? 0.71 பார்தான். ஹெட்டை மாற்றியதில் முக்கால் பார் மிச்சம், அதாவது ஏழெட்டு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்குகிற அழுத்தம். தெருக் குழாய் அழுத்தம் கொஞ்சம் பற்றாமல் பம்ப் போடலாமா வேண்டாமா என்று தலையைச் சொறியும் நேரத்தில் இதை முதலில் முயன்று பாருங்கள். ஆனால் ஒன்று: குறைந்த அடர்த்தி போதுமான இடத்தில் பெரிய கே போட்டால், 0.5 பார் என்ற குறைந்தபட்சத்திலேயே தேவைக்கு மேல் தண்ணீர் கொட்டும், டேங்க் சீக்கிரம் காலியாகும். எங்கே எது என்று பார்த்துத்தான் போட வேண்டும்.

அந்த 1.48 பாரைப் பம்பில் வைத்தால் போதுமா?

போதாது. அது கடைசி ஹெட்டில் மிஞ்ச வேண்டிய அழுத்தம், வழியில் செலவாவது தனி. நம் கட்டடத்தில் மேல் தள ஹெட் பம்புக்கு 24 மீட்டர் மேலே இருக்கிறது என்றால், உயரத்துக்கே 2.35 பார் போய்விடும் (10 மீட்டருக்கு 0.98 பார்). ரைசரும் (தளங்களுக்கு மேலேறும் செங்குத்துக் குழாய்) பிரதான குழாயும் 100 மில்லிமீட்டர், வளைவுகளையும் டீக்களையும் நீளமாக மாற்றிச் சேர்த்து 60 மீட்டர் என்றால், 1,300 லிட்டர் ஓடும்போது உராய்வில் அரை பார். தளத்துக்குள் கிளைக் குழாய்களில் 1.2 பார், அலாரம் வால்வு, நான்ரிட்டர்ன் வால்வு (ஒரே திசையில் மட்டும் ஓட விடுவது), கேட் வால்வு எல்லாம் சேர்ந்து 0.4 என்று வைப்போம். கூட்டினால் ஏறக்குறைய 5.9 பார்.

ஹோஸும் அதே பம்பிலிருந்துதான் என்றால், இரண்டும் சேர்ந்து ஓடும் பகுதிக் குழாய்க்கு 2,250 லிட்டரை வைத்து உராய்வை மறுபடி போட வேண்டும். வெறும் 1,300-க்குப் போட்ட உராய்வை வைத்துக்கொண்டு ஓட்டத்தை மட்டும் 2,250 என்று எழுதி வைத்திருக்கும் கணக்குத்தாள்கள் நிறையக் கண்ணில் படும். கேஜில் அந்தத் தாள் எடுபடாது.

குழாயை ஒரு சைஸ் குறைத்தால் என்ன ஆகிவிடும்?

மேலே சொன்ன அதே 60 மீட்டரை 80 மில்லிமீட்டர் குழாயில் போட்டுப் பார்த்தேன். அரை பார் இருந்த உராய்வு 1.8 பார் ஆகிறது. குழாய் உராய்வைக் கணக்கிடும் ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரத்தில் உள்விட்டம் 4.87 அடுக்கில் வருகிறது, அதனால்தான் இந்தப் பாய்ச்சல். விட்டம் பாதியானால் உராய்வு 29 மடங்கு.

அதே சூத்திரத்தில் சி என்ற எண் குழாயின் உள்சுவரைச் சொல்வது. தண்ணீர் நிரம்பிய எஃகுக் குழாய்க்கு 120, சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாய்க்கு 150, தண்ணீருக்குப் பதில் காற்று நிரப்பி வைக்கும் உலர் முறை எஃகுக் குழாய்க்கு 100. 120 என்பது 100 ஆனால் உராய்வு 40 விழுக்காடு கூடும். புதுக் குழாயின் வழவழப்பை நம்பி 140, 150 என்று எஃகுக்குப் போட்டுக் கணக்கைச் சரிக்கட்டுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் அதிகம் வாதாட வேண்டாம், விதி எஃகுக்கு என்ன எண் சொல்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

தெருவில் போகும் பொதுக் குழாயிலிருந்தே எடுத்தால் என்ன? டேங்கும் பம்பும் மிச்சம்தானே.

கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. ஆனால் கிடைக்கிறதா என்பதை ஓட விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு ஹைட்ரன்ட் (தெருவில் இருக்கும் தீயணைப்புத் தண்ணீர் வாய்) வேண்டும். ஒன்றில் கேஜைப் பொருத்தி மூடிய நிலை அழுத்தத்தைப் படிப்பது. மற்றொன்றைத் திறந்துவிட்டு, வெளியே வரும் தாரையில் பிட்டோ கேஜ் (தாரையின் வேக அழுத்தத்தைக் காட்டும் கருவி) பிடித்து ஓட்டத்தை அளப்பது. அந்த நேரத்தில் முதல் கேஜ் எதற்கு இறங்குகிறது என்று குறிப்பது. அழுத்த இறக்கம் ஓட்டத்தின் 1.85 அடுக்கில் ஏறும், எனவே இந்த இரண்டு புள்ளிகளை வைத்து மற்ற ஓட்டங்களுக்கும் கணக்கிடலாம்.

மூடியிருக்கும்போது 5 பார், 1,500 லிட்டர் ஓடும்போது 3.5 பார் என்று வருகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2,250 லிட்டர் எடுத்தால் இறக்கம் 1.5-இலிருந்து 3.2 பார் ஆகும், மிஞ்சுவது 1.8. நமக்கு வேண்டியது 5.9. ஆகவே பம்ப் தவிர்க்க முடியாது.

சோதனையை விடிகாலையில் செய்தால் அழகான எண் வரும், ஊரே தூங்குகிற நேரம் அது. எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில், வறட்சிக் காலத்தின் நிலையையும் யோசித்து, குடிநீர் வாரியத்திடம் பழைய பதிவுகளையும் கேட்டு, அதற்கும் மேலே கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் வடிவமைக்க வேண்டும். பின்னோட்டத் தடுப்பான் (உங்கள் குழாய்த் தண்ணீர் பொதுக் குழாய்க்குத் திரும்பாமல் தடுப்பது) கட்டாயம் என்றால் அதன் இழப்பையும் கழியுங்கள். அழுத்தம் குறைக்கும் வகைத் தடுப்பானில் 0.7 பார் போல போய்விடும். நாள் முழுக்க வராமல் முறைவைத்து விடப்படும் தண்ணீர் என்றால் பேச்சே இல்லை, அது டேங்கை நிரப்ப மட்டும்தான் ஆகும்.

மொட்டைமாடி டேங்க் இருக்கிறதே, ஈர்ப்பிலேயே இறங்காதா?

இறங்கும், கீழ்த்தளங்களுக்கு. ஹெட்டுக்கு 1.5 பார், குழாய் உராய்வுக்கு 1.5 பார் என்று வைத்தால் 3 பார் வேண்டும், அதாவது டேங்கின் நீர்மட்டத்துக்குக் கீழே 30 மீட்டராவது இறங்கினால்தான் அந்த அழுத்தம் பிறக்கும். தளத்துக்கு 3.5 மீட்டர் என்றால் மேலே உள்ள எட்டு ஒன்பது தளங்களுக்குப் பற்றாது. கட்டடமே எட்டுத் தளம்தான் என்றால் எந்தத் தளத்துக்கும் இல்லை. அங்கே மாடியிலேயே ஒரு பூஸ்டர் பம்ப் போட வேண்டும். உயரமான கட்டடங்களில் ஈர்ப்பு டேங்க் உண்மையிலேயே நல்ல ஏற்பாடு, மின்சாரமும் டீசலும் வேண்டாத தண்ணீர் அது.

குடிக்க, குளிக்க வைத்திருக்கும் டேங்கையே பயன்படுத்தலாமா?

அனுமதி இருந்தால் செய்யலாம். நிபந்தனை ஒன்றுதான்: வீட்டு உபயோகக் குழாய் எடுக்கும் வாய், தீயணைப்புக்கான இருப்பு மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். தினசரித் தண்ணீர் அந்த மட்டம் வரைதான் இறங்கும், அதற்குக் கீழே உள்ளதைப் பம்ப் மட்டுமே தொட முடியும். மிதவை ஸ்விட்ச் வைத்து "இந்த அளவுக்குக் கீழே போனால் மோட்டாரை நிறுத்து" என்பதையெல்லாம் இதற்கு ஈடாக நினைக்காதீர்கள். ஸ்விட்ச் கெடும், யாராவது அதைக் கம்பி போட்டுக் கட்டுவார்கள். குழாயின் உயரம் கெடாது.

டேங்கின் கொள்ளளவு என்று எழுதும்போது உறிஞ்சக்கூடிய தண்ணீரை மட்டும் எண்ணுங்கள். உறிஞ்சு குழாயின் வாயை ஒட்டி மட்டம் இறங்கினால் சுழி விழும், சுழி வழியாகக் காற்று உள்ளே போகும், காற்றைக் குடித்த பம்ப் தண்ணீர் தள்ளாது. சுழி தடுப்புத் தகடு போட்டால் இன்னும் கீழே வரை எடுக்கலாம், ஆனாலும் அடிவண்டல் பகுதி கணக்கில் வராது. நிரப்பும் வேகமும் உண்டு: டேங்குகளுக்கான என்.எஃப்.பி.ஏ. 22 எட்டு மணி நேரத்துக்குள் நிரம்ப வேண்டும் என்கிறது, இ.என். 12845 36 மணி நேரம் கொடுக்கிறது.

பம்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெயர்ப்பலகையில் இருக்கும் ஒற்றை எண்ணைப் பார்த்து அல்ல, ஓட்டம் கூடக்கூட அழுத்தம் எப்படி இறங்குகிறது என்று காட்டும் வளைகோட்டைப் பார்த்து. தீயணைப்புப் பம்புக்கான என்.எஃப்.பி.ஏ. 20 மூன்று புள்ளிகளைக் கேட்கிறது. ஓட்டமே இல்லாதபோது அழுத்தம் குறிப்பிட்ட அளவின் 140 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 100 விழுக்காடு ஓட்டத்தில் சொன்ன அழுத்தம் வர வேண்டும். 150 விழுக்காடு ஓட்டத்தில் குறைந்தது 65 விழுக்காடு அழுத்தம் மிஞ்ச வேண்டும். சாதாரணத் தண்ணீர்ப் பம்பை வாங்கிச் சிவப்பு பெயின்ட் அடித்தால் இந்த மூன்றாவது புள்ளியில் அது படுத்துவிடும்.

நம் தேவை 2,250 லிட்டர், 5.9 பார். 1,892 லிட்டர் பம்ப் எடுத்தால் தேவை அதன் 119 விழுக்காட்டில் விழுகிறது. முடியாது என்றில்லை, ஆனால் அந்தப் புள்ளியில் வளைகோடு எத்தனை பார் காட்டுகிறது என்று பார்த்துத்தான் குறியீட்டு அழுத்தத்தை முடிவு செய்ய வேண்டும். அடுத்த அளவு 2,839 லிட்டர். அது நிம்மதி, ஆனால் அங்கே இன்னொரு சங்கதி இருக்கிறது. தீ பம்புக்குப் பக்கத்திலேயே, கீழ்த்தளத்தில் பிடித்தால் என்ன ஆகும்? உயரமும் இல்லை, உராய்வும் இல்லை, ஹெட்கள் அதிக அழுத்தத்தில் தாராளமாகக் கொட்டும், 60 நிமிடத்துக்கு என்று வைத்த டேங்க் அதற்கு முன்பே காலி. இதனால்தான் இ.என். 12845 கடினமான இடத்தோடு மிகச் சாதகமான இடத்துக்கும் கணக்குக் கேட்கிறது. அமெரிக்க முறையில் வேலை செய்தாலும் இதைப் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பம்ப் அறையில் எதைக் கவனிக்க வேண்டும்?

நான் உள்ளே போனதும் பார்ப்பது உறிஞ்சு பக்கம். அங்கே குழாய் பெரிதாகவும் பம்பின் வாய் சிறிதாகவும் இருக்கும், இரண்டையும் இணைக்க ஒரு ரெடியூசர். அது இருபுறமும் சரிவான வகையாக இருந்தால் மேல்பக்கச் சரிவில் காற்று போய்த் தங்கும். ஒருபக்கம் தட்டையான எக்சென்ட்ரிக் வகை வேண்டும், அதுவும் தட்டைப் பக்கம் மேலே. தலைகீழாக மாட்டிய எக்சென்ட்ரிக் ரெடியூசர் எத்தனையோ அறைகளில் பளபளவென்று பெயின்ட் அடித்து நிற்கிறது. அடுத்து, பம்பின் வாயை ஒட்டியே எல்போ இருக்கிறதா என்று பார்ப்பேன். பக்கவாட்டில் திரும்பும் வளைவு என்றால், பிளவு உறைப் பம்புக்கு (உறை இரண்டு பாதியாகப் பிரியும் வகை) குழாய் விட்டத்தைப் போல் பத்து மடங்கு நேர்நீளம் கொடுக்க வேண்டும்.

பம்பைச் சோதிக்கும்போது தண்ணீரைத் திருப்பி விடும் குழாய் டேங்குக்குள் விழும் இடமும் முக்கியம். உறிஞ்சு வாய்க்கு நேர் மேலே விழுந்தால் நுரையைத்தான் பம்ப் திரும்பக் குடிக்கும். கேஜ் முள் நடுங்கிக்கொண்டே இருந்தால் எட்டிப் பாருங்கள், பெரும்பாலும் இதுவாக இருக்கும்.

தண்ணீர் பம்பைவிடத் தாழ்வாக இருந்து உறிஞ்சித் தூக்கும் நிலை என்றால், என்.எஃப்.பி.ஏ. 20 படுக்கைப் பம்பை ஏற்காது. செங்குத்து டர்பைன் பம்ப் போட வேண்டும். சில நாடுகளின் விதிகள் ஃபுட் வால்வும் (உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் இறங்காமல் பிடிக்கும் வால்வு) பிரைமிங் டேங்கும் (அந்தக் குழாயை நிரப்பியே வைக்கும் தொட்டி) வைத்து அனுமதிக்கின்றன, ஆனால் கசிகிற ஒரு ஃபுட் வால்வை நம்பி ஒரு கட்டடம் இருப்பது எனக்குப் பிடிக்காத விஷயம்.

ஜாக்கி பம்ப் எதற்கு?

மெயின் பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பம்ப் அது, சின்னக் கசிவால் குறையும் அழுத்தத்தை ஈடுகட்ட மட்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் மெயின் பம்ப் எழுந்து ஓடும். வழக்கமான அமைப்பு: ஜாக்கி நிற்கும் அழுத்தத்திலிருந்து 0.7 பார் இறங்கினால் ஜாக்கி தொடங்கும், அதற்கும் 0.35 பார் கீழே போனால் மெயின் பம்ப். ஜாக்கியைப் பெரிதாக வாங்காதீர்கள். ஒரு ஹெட் திறந்ததை அதுவே சமாளித்துவிட்டால் மெயின் பம்ப் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. ஜாக்கி அடிக்கடி ஓடுகிறது என்றால் ஸ்விட்சைத் திருகுவதை விட்டுவிட்டு கசிவைத் தேடுங்கள்.

கரண்ட் போனால்?

தீ விபத்தில் கரண்ட் போகும், அல்லது யாராவது முதல் வேலையாக மெயினை அணைப்பார்கள். அதனால் பம்புக்கான மின்னிணைப்பு, கட்டடத்தின் மெயின் ஸ்விட்சுக்கு முன்னாலேயே தனியாகப் பிரிந்து, தீ தாங்கும் கேபிளில் வர வேண்டும். மின்வழங்கல் நம்பகமாக இல்லை என்றால் டீசல் பம்ப் ஒன்று கட்டாயம். டீசல் டேங்குக்கு என்.எஃப்.பி.ஏ. கணக்கு, கிலோவாட்டுக்கு 5.07 லிட்டர், அதற்கு மேல் 10 விழுக்காடு. 75 கிலோவாட் எஞ்சினுக்கு 418 லிட்டர் வரும். பேட்டரி இரண்டு செட். வாரம் ஒருமுறை 30 நிமிடம் ஓட்ட வேண்டும், ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பது கணக்கில் சேராது. எஞ்சின் முழுச் சூடு ஏறினால்தான் கோளாறு வெளியே வரும்.

பெரிய பம்பாகப் போட்டுவிட்டால் எல்லாக் கவலையும் தீராதா?

தீராது. வழக்கமான ஸ்பிரிங்க்ளர் ஹெட்களும் ஃபிட்டிங்குகளும் 12.1 பாருக்குச் சான்றளிக்கப்பட்டவை. 9 பார் பம்ப் ஒன்று, ஓட்டம் இல்லாத நிலையில் 140 விழுக்காடு வரை ஏறும் வகை என்றால், 12.6 பாரில் போய் நிற்கும். மேலே சொன்ன வளைகோட்டின் முதல் புள்ளி இதற்காகத்தான்.

உயரமான கட்டடத்தில் இது இன்னும் சிக்கல். 12.1 பார் என்பது 123 மீட்டர் நீர்நிரல். மேல் தளத்துக்கு வேண்டிய அழுத்தத்தைக் கீழிருந்து கொடுத்தால் கீழ்த்தள ஹெட்கள் தாங்காது. எனவே கட்டடத்தை மண்டலங்களாகப் பிரித்து, தனித்தனிப் பம்ப், அல்லது நடுவில் ஒரு டேங்க், அல்லது அழுத்தக் குறைப்பு வால்வு. வால்வு என்றால் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது 1991 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் எரிந்த ஒன் மெரிடியன் பிளாசா. 38 தளக் கட்டடம், தீ 22-ஆம் தளத்தில் தொடங்கியது. ஹோஸ் மாட்டும் குழாய்களில் இருந்த அழுத்தக் குறைப்பு வால்வுகள் மிகக் குறைவாக அமைக்கப்பட்டிருந்ததால் வீரர்களுக்குப் போதிய தாரை கிடைக்கவில்லை. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். தளம் தளமாக ஏறிய தீ 30-ஆம் தளத்தில் நின்றது. அங்கேதான் ஸ்பிரிங்க்ளர் இருந்தது, திறந்தது பத்து ஹெட். பெரிய பம்ப், சரியான டேங்க் எல்லாம் இருந்தாலும் நடுவில் ஒரு வால்வு தவறான எண்ணில் இருந்தால் போதும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அழுத்தக் குறைப்பு வால்வு போட்டால் அதை ஓட்டத்தோடு சோதிக்க வடிகுழாயும் போடுங்கள்.

கிடங்குக்கும் இதே கணக்குதானா?

இல்லவே இல்லை. உயர அடுக்குக் கிடங்குகளுக்கு ஈ.எஸ்.எஃப்.ஆர். என்ற (சீக்கிரம் திறந்து, நிறையத் தண்ணீர் கொட்டித் தீயை அடக்கும்) ஹெட் பயன்படுத்தினால் பரப்புக் கணக்கே கிடையாது, ஹெட் கணக்கு: பொதுவாக 12 ஹெட் திறந்ததாக வைக்க வேண்டும். கே 200 வகையில் 3.45 பார் வேண்டிய அமைப்பு என்றால் ஒரு ஹெட்டுக்கு 370 லிட்டர், 12-க்கு ஏறக்குறைய 4,450 லிட்டர், இதற்கு மேல் ஹோஸ். கடை வளாகத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல். கூரை உயரம், அடுக்கு உயரம், பொருளின் வகை ஆகியவற்றில் எது மாறினாலும் எண் மாறும். ஆகவே கிடங்கில் என்ன வைக்கப்போகிறார்கள் என்பது எழுத்தில் வராமல் பம்ப் ஆர்டர் போடாதீர்கள்.

உறைபனி விழும் ஊரில்?

குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்றை நிரப்பி வைக்கும் உலர் முறை. ஹெட் திறந்ததும் காற்று வெளியேறிய பிறகே தண்ணீர் வரும், அந்தத் தாமதத்தில் தீ வளரும். அதற்காக வடிவமைப்புப் பரப்பை 30 விழுக்காடு கூட்ட வேண்டும். சி எண்ணும் 100-க்கு இறங்குகிறது, இரண்டும் சேர்ந்து பம்பைப் பெரிதாக்கிவிடும். உறையாத இடத்தில் உலர் முறை போட எந்தக் காரணமும் இல்லை.

ஒரு தனி வீட்டுக்கு?

மிகச் சிறிய கணக்கு. வீடுகளுக்கான என்.எஃப்.பி.ஏ. 13டி இரண்டு ஹெட், 10 நிமிடம் என்கிறது. அங்கே நோக்கம் ஆட்கள் தப்பிக்க நேரம் வாங்குவது, கட்டடத்தைக் காப்பது இரண்டாம்பட்சம்.

கிணற்றுத் தண்ணீர், குளத்துத் தண்ணீர், கடல் தண்ணீர்?

சுத்தமான நன்னீர் முதல் தேர்வு. குளத்திலிருந்து எடுத்தால் வடிகட்டித் திரைகள் இரட்டையாக வேண்டும், ஒன்றைக் கழுவும்போது மற்றொன்று இருக்க. உப்புநீரை வேறு வழியே இல்லாதபோது மட்டும் எடுக்கலாம், அதன் பிறகு முழுக் குழாயையும் நன்னீரால் கழுவ வேண்டும். இன்னொன்று, நல்ல தண்ணீரே ஆனாலும் குழாயின் மேட்டுப்பகுதியில் காற்று சிக்கினால் அந்த இடத்தில் எஃகு அரித்து ஊசித்துளை விழும். உச்சியில் காற்று வெளியேறும் வால்வு ஒன்று வையுங்கள், மலிவான மருந்து.

தீயணைப்பு வண்டி வெளியிலிருந்து தண்ணீர் கொடுக்க முடியுமா?

அதற்குத்தான் கட்டடத்தின் முன்பக்கம் இருக்கும் அந்த இணைப்பு வாய்கள். அது சேரும் இடம் முக்கியம்: உங்கள் பம்பும் அதன் மூடு வால்வும் கெட்டுப்போனாலும் வண்டித் தண்ணீர் ஹெட்டுக்குப் போகும்படி, அவற்றைத் தாண்டி, நடுவில் நான்ரிட்டர்ன் வால்வு மட்டும் வைத்து இணைக்க வேண்டும். வாய்க்கு முன்னால் பூந்தொட்டி வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் என்னென்ன சோதனை?

பூமிக்கடியில் போன குழாயை, கட்டடக் குழாயோடு இணைக்கும் முன்பே வேகமாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கல், வெல்டிங் துண்டு, கையுறை என்று எது வேண்டுமானாலும் வெளியே வரும். பிறகு 13.8 பாரில் 2 மணி நேரம் அழுத்தச் சோதனை. பிறகு பம்பை ஓட்டமில்லாமல், 100, 150 விழுக்காடு ஓட்டத்தில் ஓட்டி, தொழிற்சாலை வளைகோட்டோடு ஒப்பிட வேண்டும்.

இவை ஒருமுறை நடப்பவை. ஆண்டாண்டுக்கும் உதவுவது மெயின் டிரெய்ன் சோதனை. ரைசரின் அடியில் உள்ள பெரிய வடிவால்வை முழுதாகத் திறந்து, முள் எங்கே இறங்கி நிற்கிறது என்று எழுதி வைப்பது. போன முறை 4 பாரில் நின்றது இந்த முறை 2.5-இல் நிற்கிறது என்றால், வழியில் எங்கோ ஒரு வால்வு பாதி மூடியிருக்கிறது, அல்லது ஏதோ அடைத்திருக்கிறது. ஸ்பிரிங்க்ளர் தோற்றுப்போகும் சம்பவங்களில் முதன்மையான காரணம் மூடிக்கிடந்த வால்வுதான். பழுது பார்க்க மூடினார்கள், திறக்க மறந்தார்கள். சங்கிலி, பூட்டு, நிலையைக் காட்டும் ஸ்விட்ச் மூன்றுக்கும் ஆகும் செலவு பம்பின் செலவில் ஒரு துளி.

ஐந்தாறு வருடம் கழித்து அலுவலகத் தளத்தை யாரோ காகிதம் அடுக்கும் இடமாக மாற்றினால்?

அப்போது 4.1 மில்லிமீட்டர் 8.1 ஆகலாம், அடுக்கின் உயரத்தைப் பொறுத்து அதற்கு மேலும் போகலாம். ஹெட்களின் இடைவெளியும் மாறும்: குறைந்த ஆபத்தில் ஒரு ஹெட் 20.9 சதுர மீட்டர் வரை காக்கலாம், சாதாரண ஆபத்தில் 12.1 வரைதான். பழைய தண்ணீர் போதுமா என்று பார்க்க ரைசரில் ஒரு தகடு தொங்க வேண்டும். எந்த அடர்த்தி, எந்தப் பரப்பு, ரைசரின் அடியில் எத்தனை லிட்டர், எத்தனை பார் என்று அதில் எழுதியிருக்கும். தகடு இல்லாத ரைசர் என்றால், குழாய்களை அளந்து, ஹெட்டின் கே எண்ணைப் பார்த்து எழுதி, கணக்கை முதலிலிருந்து போடுவதைத் தவிர வேறு வழியில்லை.